பூங்காவில் அவிழ்த்த சங்கிலி

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் முன்பு நாயுண்ணிப் பற்றை மண்டிய ஒரு வெறுங்காணி கிடந்தது. சில வருடங்களுக்கு முன் அதைத் துப்புரவாக்கிப் பூங்கா ஆக்கினார்கள். சுற்றிவர நடப்பதற்குக் கல் பதித்த பாதை, நடுவில் இரண்டு ஊஞ்சல், சீமெந்து இருக்கைகள், ஒரு தண்ணீர்க் குழாய். வாசலில் நீலப் பலகையில் வெள்ளை எழுத்தில் ஐந்தாறு விதிகள். குப்பை போடக்கூடாது, பூப் பறிக்கக்கூடாது என்பவற்றோடு, நாய் கொண்டு வருபவர்கள் அதைச் சங்கிலியில் பிடித்தபடியே இருக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தது. அந்தப் பலகையை நான் ஒவ்வொரு நாள் காலையும் கடந்து போவேன். ஊஞ்சலுக்குப் பின்னாலிருக்கிற வேப்ப மரத்தடிக்குப் போனதும் குனிந்து என் நாயின் கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றிவிடுவேன்.

நாயை நான் கேட்டு வாங்கவில்லை. என் கணவருக்கு வவுனியாவில் வேலை. வெள்ளி இரவு வந்து ஞாயிறு பின்னேரம் போய்விடுவார். பிள்ளைகள் இல்லை. எங்களுக்கு நாலு வீடு தள்ளி ஒரு வீட்டில் கள்ளர் மதில் ஏறிக் குதித்து, வாளைக் காட்டி நகைகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அடுத்த கிழமை கணவர் ஒரு பெட்டிக்குள் அல்சேஷன் குட்டி ஒன்றைக் கொண்டுவந்து விறாந்தையில் வைத்தார். "உனக்கு ஒரு காவல்" என்றார். நான் முகத்தைச் சுளித்தேன். மூன்றாம் நாள் அது என் செருப்பின்மேல் தலை வைத்துத் தூங்கியது. பிறகு நான்தான் அதற்கு எல்லாம். மீன்தலை வாங்கி அவித்துச் சோற்றோடு பிசைந்து வைப்பேன். அலுவலகத்தால் வந்து படலையைத் திறக்க முன்னரே உள்ளே அது ஊளையிடத் தொடங்கிவிடும். இருட்டில் சத்தம் கேட்டால் எனக்கு இப்போது பயமில்லை. எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

வளர்ந்தபின் என் இடுப்பளவு நின்றது. சங்கிலியில் பிடித்தால் என்னை இழுத்துக்கொண்டு போகும். தோள்மூட்டு நோகும். நாயைப் பழக்குவது எப்படி என்று யாரிடமும் நான் கேட்கவில்லை. கூப்பிட்டால் வரும், மனம் இருந்தால். மனமில்லாவிட்டால் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போகும். அதையும் ஒரு செல்லமாகத்தான் எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தேன்.

காலையில் ஆறு மணிக்குப் பூங்காவில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். தபால் கந்தோரில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் குடையை ஊன்றிக்கொண்டு நடப்பார். என் நாய் ஓடிப்போய் அவருடைய வேட்டியை மணக்கும். அவர் அசையாமல் நின்றுவிடுவார்.

"பிள்ளை, உதை ஒருக்கால் பிடியுங்கோ."

"ஒண்டும் செய்யாது, ஐயா. விளையாடுது."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்பிடித் தெரியும்?"

மூன்று தரம் இப்படிச் சொல்லியிருப்பார். நாலாம் தரம் சொல்லவில்லை. அதற்குப்பிறகு காலையில் அவரைக் காணவில்லை. பின்னேரத்தில் நடக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். கரைச்சல் பிடித்த மனுசன், போனது நல்லது என்று நினைத்தேன். ஒரு வயதானவரைப் பொது இடத்திலிருந்து நான் துரத்தியிருக்கிறேன் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

அந்தத் தை மாதத்தில் ஒரு வியாழக்கிழமை. நல்ல பனி. ஊஞ்சல் கம்பிகள் நனைந்திருந்தன. வழக்கம்போல வேப்ப மரத்தடியில் சங்கிலியைக் கழற்றினேன். நாய் மதிலோரம் மணந்துகொண்டு போனது. நான் போனை எடுத்து ஏதோ பார்த்தேன்.

பின்வாசலால் ஒருவர் வந்தது எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊரில் சட்டை தைக்கிற அக்கா. பதினைந்து வருடமாக எனக்குத் தைத்தவர். கலியாணமான நாளில் நான் போட்டிருந்த சட்டையும் அவர் கைதான். என் இடது தோள் வலது தோளைவிடக் கொஞ்சம் இறக்கம் என்று இந்த உலகத்தில் அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். சனிக்கிழமை கலியாணம் ஒன்றுக்குத் தைத்து முடித்த சட்டைகளைக் கொடுப்பதற்கு ஒரு பையில் போட்டுக்கொண்டு, றோட்டால் சுற்றாமல் பூங்காவைக் குறுக்கறுத்து வந்திருக்கிறார். பனிக்காகத் தலையில் பெரிய வெள்ளைத் துவாய் ஒன்றைப் போட்டிருந்தார். விறுக்கென்று நடந்ததில் துவாயின் இரண்டு தலைப்பும் அடித்துப் பறந்துகொண்டிருந்தன.

நாய் குரைக்காமல் ஓடியது. கூப்பிட்டேன். ஒருதரம் திரும்பி என்னைப் பார்த்தது. பிறகு ஓடியது.

"ஒண்டும் செய்யாது! அக்கா, பயப்பிடாமல் நில்லுங்கோ, ஒண்டும் செய்யாது!"

நான் கத்திய அந்தச் சொற்கள் முடியவில்லை. அக்கா பையைத் தூக்கி முகத்துக்கு முன்னால் பிடித்தார். நாய் பாய்ந்து பையைக் கவ்வியது. பை கிழிந்து சட்டைகள் கொட்டின. அக்கா கையை இழுத்தார். இழுக்க இழுக்க அது இன்னும் மேலே பிடித்தது. வலது கை மணிக்கட்டும் பெருவிரலடியும் அதன் வாய்க்குள் இருந்தன. நான் ஓடிப்போய்க் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். சங்கிலியால் அடித்தேன். நாலு வருடத்தில் அதை நான் அடித்தது அதுதான் முதல்தரம். அது விடவில்லை. கடைசியில் அக்கா இழுப்பதை நிறுத்திவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றார். அப்போதுதான் விட்டது. விட்டுவிட்டு என் காலடியில் வந்து வாலை ஆட்டியது.

அக்கா நிலத்தைப் பார்த்தார். "ஐயோ, சட்டையெல்லாம் இரத்தமாப் போச்சு. இண்டைக்குக் குடுக்கோணும்" என்றார். தன் கையை அவர் இன்னும் பார்க்கவில்லை.

நாயை ஊஞ்சல் தூணில் கட்டிவிட்டு, குழாயடியில் அவருடைய கையைப் பிடித்துத் தண்ணீரை விட்டேன். கழுவக் கழுவச் சிவப்பு நிற்கவில்லை. அந்த வெள்ளைத் துவாயையே சுற்றிக்கொண்டு ஓட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அவர் அழவில்லை. கை குளிருது என்று மட்டும் ஒருதரம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஒரு தாதி கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஆற்றை நாய்?"

"என்ரை."

"விசருக்குத் தடுப்பூசி போட்டதோ?"

"ஓம்."

"கடைசியா எப்ப?"

"போன வருசம்."

"காட் இருக்கோ?"

"வீட்டை இருக்கு."

அவர் எழுதிக்கொண்டார். இவ்வளவு லேசாக ஒரு பொய் சொல்ல முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. ஒருவேளை அது பொய் என்று அந்த நேரம் எனக்கே நிச்சயமாகத் தெரிந்திருக்கவில்லை. போட்டதுதானே என்று மனம் சொல்லியது. எப்போது என்று மட்டும் நினைவைத் தட்டிப் பார்க்க நான் விரும்பவில்லை. ஒழுங்காகத் தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய் என்றபடியால் அக்காவுக்கு இப்போது விசர்நாய்க்கடி ஊசி தேவையில்லை, பதினாலு நாள் நாயைக் கவனித்தால் போதும் என்று முடிவெடுத்தார்கள். கையை மரக்கப்பண்ணி இரண்டு மணித்தியாலம் வெட்டித் தைத்தார்கள். பெருவிரலை அசைக்கிற நரம்பும் தசைநாரும் கிழிந்து போயிருந்தன.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்து நாயின் தடுப்பூசி அட்டையை, அந்தக் காட்டை எடுத்தேன். கடைசியாகக் குத்திய திகதிக்கும் இன்றைக்கும் இடையில் இரண்டரை வருடம். பிறகுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு வருடமும் வாசிகசாலையடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இலவசமாக ஊசி போட வருவார்கள். ஒருமுறை போகும்போது மழை. அடுத்தமுறை, அத்தனை நாய்களுக்கு நடுவில் என் நாயைப் பிடிக்க என்னால் ஏலாது என்று போகவில்லை. பிடிக்க ஏலாது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. அப்படித் தெரிந்துகொண்டுதான் பூங்காவில் அவிழ்த்து விட்டிருக்கிறேன்.

கணவருக்குப் போன் எடுத்தேன். காட்டில் இருந்த திகதியைச் சொன்னேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை. நாய் நல்லாத்தானே நிக்குது?"

"நல்லாத்தான் நிக்குது."

"அப்ப பதினாலு நாளும் பாப்பம். இப்ப போய்ச் சொன்னா பொலிஸ், கோடு, வழக்கு எண்டு இழுபடவேண்டி வரும்."

நான் காட்டைத் திரும்ப அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும். வைத்துவிட்டு, சோறு சமைத்து நாய்க்கும் வைத்து, நானும் சாப்பிட்டேன்.

அடுத்த நாள் நண்பகல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அக்காவின் கை பெரிய கட்டோடு தலையணைமேல் கிடந்தது. அவருடைய மகள், உயர்தரம் படிக்கிற பிள்ளை, கட்டிலருகில் நின்று இடியப்பத்தைக் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மா நான் யாரென்று மகளிடம் கேட்டறிந்துவிட்டுச் சத்தமாகக் கேட்டார். "இவையின்ரை நாயே கடிச்சது? உதுகளை அடிச்சுக் கொல்லோணும். நாய்க்கடியிலை எங்கடை ஊரிலை ஒருத்தர் விசர் பிடிச்சுச் செத்தவர்."

அக்கா தலையைத் திருப்பி அவருக்குச் சொன்னார். "சீ, இது அப்பிடி நாய் இல்லை. இவை நல்லாப் பாத்து வளக்கிறவை. ஊசி எல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கினம். எனக்கு அந்தப் பயம் இல்லை." பிறகு என்னைப் பார்த்து, "இரும் பிள்ளை, ஏன் நிக்கிறீர்?" என்றார்.

நான் இருக்கவில்லை. தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாட்டின் கடைசியில் இருந்த மேசைக்குப் போனேன். நேற்று எழுதிய தாதி அங்கே இல்லை. இளம் டொக்டர் ஒருவர் இருந்தார். காட்டைக் கைப்பைக்குள் இருந்து எடுத்து அவர்முன் வைத்தேன். ஏன் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் திகதியைப் பார்த்தார்.

"நேற்று என்னெண்டு சொன்னனீங்கள்?"

"போன வருசம் எண்டு."

"ஏன்?"

நான் மேசையில் கிடந்த காட்டைப் பார்த்தேன்.

"ஒரு முழு நாள் போச்சு, தெரியுமோ? உங்கடை பேச்சை நம்பித்தான் நாங்கள் ஊசி போடாமல் விட்டனாங்கள்." அவர் குரலை உயர்த்தவில்லை. எழும்பி, தாதியைக் கூப்பிட்டு, உடனே ஊசியைக் கொண்டுவரச் சொன்னார்.

விசர்நாய்க்கடிக்குப் போடுகிற ஊசிகளில் ஒன்றைப் புண்ணைச் சுற்றியே குத்த வேண்டுமாம். முதல் நாளே மரக்கப்பண்ணியிருந்த நேரத்தில் போட்டிருந்தால் அவருக்குத் தெரிந்தே இருக்காது. இப்போது புதிதாகத் தைத்த புண்ணின் கட்டை அவிழ்த்து, வீங்கிக் கிடந்த சதைக்குள் பல இடங்களில் குத்தினார்கள். நான் வெளியே விறாந்தையில் நின்றேன். பூங்காவில் கடிபட்டபோது வராத சத்தம் அப்போது அவரிடமிருந்து வந்தது. மகள் ஓடிவந்து என்னைக் கடந்து விறாந்தை மூலைக்குப் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

எல்லாம் முடிந்து உள்ளே போனபோது அக்காவுக்கு விசயம் சொல்லப்பட்டிருந்தது. முகம் வேர்த்திருந்தது.

"ஏன் பிள்ளை பொய் சொன்னனீர்?"

"பயத்திலை, அக்கா."

"எனக்கும் பயம்தானே," என்றார். அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார். நான் வந்துவிட்டேன்.

நாய் பதினாலு நாள் உயிரோடு, சுகமாக இருக்க வேண்டும். இருந்தால் அது கடித்த நேரத்தில் அதற்கு விசர் இல்லை என்று உறுதியாகும். ஆகவே ஒவ்வொரு நாளும் நான் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. போன் எடுத்தும் சொல்லியிருக்கலாம். நடந்தே போனேன். முதல் நாலு நாள் ஆஸ்பத்திரிக்கு, பிறகு அவர் வீட்டுக்கு. படலையில் நின்று கூப்பிட்டால் மகள் வருவாள்.

"நாய் நல்லா நிக்குது. சாப்பிட்டது."

"சரி, அன்ரி. அம்மாட்டைச் சொல்லுறன்."

"தண்ணியும் குடிச்சது எண்டு சொல்லும்."

"ஓம்."

இவ்வளவுதான் எங்கள் கதை. உள்ளே இருட்டில் தையல் மெசின் தெரியும். அதன்மேல் ஒரு சீலையைப் போட்டு மூடியிருந்தார்கள். அக்காவின் கணவர் மேசன் வேலை செய்பவர். அவர் ஒரு நாள் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டு நின்றார். என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, திரும்பவும் முகம் கழுவினார். அக்காவின் தம்பி பொலிசில் முறைப்பாடு செய்ய வேண்டும் என்று நின்றாராம். "கேஸ் போட்டாக் கை வருமே?" என்று அக்கா தடுத்துவிட்டார் என்று ஊரில் கேள்விப்பட்டேன். என் கணவர் செலவுக்கென்று ஒரு தொகையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். மருந்துக்கானதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் நாய் பின்வளவு ஜம்பு மரத்தில் கட்டுண்டு கிடந்தது. காலையில் எழும்பியதும் முதல் வேலையாகப் போய் அது தண்ணீர் குடிக்கிறதா என்று பார்ப்பேன். வாயில் நுரை இருக்கிறதா, நடை தளம்புகிறதா என்று பார்ப்பேன். அது பூங்காவுக்குப் போகும் நேரம் என்று நினைத்து எழும்பிக் குதிக்கும். அதன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். துவாய் பறந்ததைக் கண்டது, பாய்ந்தது. அது நாய். அன்றைக்குப் போனைப் பார்த்துக்கொண்டு நின்றது நான்.

பதினாலாம் நாள் அக்காவே படலைக்கு வந்தார். கை கழுத்திலிருந்து தொங்கிய சீலைக்குள் இருந்தது. மெலிந்திருந்தார்.

"நாய் நல்லா நிக்குது, அக்கா. இண்டையோடை முடிஞ்சுது. இனிப் பயமில்லை."

"நல்லது," என்றார். பிறகு, "இனி நீர் வரத் தேவையில்லைத்தானே?" என்றார்.

அவர் கோபமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். நான் "ஓம்" என்றேன்.

பங்குனியில் ஒரு பின்னேரம் மகள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். தைக்கக் கொடுத்திருந்த என் துணி ஒன்று அவர்களிடம் கிடந்திருக்கிறது. நான் மறந்தே போயிருந்தேன். வெட்டாத துணி, மடித்தபடி, அக்காவின் எழுத்தில் என் அளவுகள் எழுதிய துண்டு ஊசியால் குத்தப்பட்டிருந்தது. எல்லோருடைய துணிகளையும் இப்படித் திருப்பிக் கொடுத்துக்கொண்டு போகிறாளாம்.

"அம்மாவுக்குக் கத்தரிக்கோல் பிடிக்க ஏலாது, அன்ரி. கரண்டி பிடிக்கிறா. பெருவிரலும் சுட்டுவிரலும் ஒண்டையொண்டு தொடுகுதில்லை."

"பயிற்சிக்குப் போறாவோ?"

"போறவ. உவ்வளவுதான் வரும் எண்டு சொல்லிப்போட்டினம்."

அவள் போகும்போது பின்வளவில் நாய் குரைத்தது. அவள் தோள் ஒருதரம் துள்ளியது. படலை வரைக்கும் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.

அந்தக் கிழமையே நாயை அனுப்பிவிடுவது என்று முடிவெடுத்தோம். நீர்வேலியில் வாழைத்தோட்டம் வைத்திருக்கிற ஒருவரைக் கணவருக்குத் தெரியும். வாழைக்குலை களவு போகிறது, காவலுக்கு நாய் வேண்டும் என்று அவர் கேட்டிருந்தார். அவரிடம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கடித்ததைச் சொன்னேன். ஆட்கள் நடமாடும் இடத்தில் அவிழ்க்கக்கூடாது என்று சொன்னேன். ஊசியை இந்தமுறை நானே கொண்டுபோய்ப் போடுவித்து, காட்டையும் கொடுத்தேன். வாகனத்தில் ஏற்றும்போது அது சந்தோஷமாக ஏறியது. நானும் வருகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து ஒருமுறை பார்க்கப் போனேன். தண்ணீர் இறைக்கிற மெசின் கொட்டிலின் பக்கத்தில் கட்டியிருந்தார்கள். கழுத்தில் மயிர் தேய்ந்து தோல் தெரிந்தது. என்னைக் கண்டு எழும்பவில்லை. கிட்டப் போனதும் வாலை இரண்டு தரம் நிலத்தில் அடித்தது. "காவலுக்குப் பரவாயில்லை. ஆனால் முந்தின மாதிரிச் சாப்பிடுதில்லை" என்றார் தோட்டக்காரர். தலையைத் தடவினேன். கொண்டுபோன மீன்தலையை மணந்து பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது. நான் இன்னொரு தரம் போகவில்லை. அது இறந்துவிட்டதாக அடுத்த வருடம் கணவர் சொன்னார். என்ன வருத்தம் என்று கேட்கவில்லை.

பூங்கா இப்போதும் இருக்கிறது. நான் அந்தப் பக்கம் நடக்கப் போவதில்லை. ஒழுங்கையால் போகும்போது சிலவேளை உள்ளே ஒரு நாய் தன்பாட்டில் ஓடுவதும், சொந்தக்காரர் இருக்கையில் சாய்ந்திருப்பதும் தெரியும். ஒருதரம் உள்ளே போய் ஒருவரிடம் சொன்னேன். நாயைப் பிடியுங்கோ தம்பி, பிள்ளையள் விளையாடுதுகள் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். இந்த ஊரில் நாயைப் பற்றிக் கதைக்க எனக்கு என்ன தகுதி என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நான் திரும்பி வந்துவிட்டேன். ஆனால் திரும்பிப் பார்த்தபோது சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா இப்போது ஒரு மிக்சர் கொம்பனியில் பக்கெற்றுகளை எண்ணிப் பெட்டியில் அடுக்குகிற வேலைக்குப் போகிறார். இடது கையால் செய்யக்கூடிய வேலை. போன மாதம் சந்தையடி பஸ் தரிப்பிடத்தில் எதிர்பாராமல் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்பிடி இருக்கிறீங்கள், அக்கா?"

"இருக்கிறன். நீர்?"

"இருக்கிறன். மகள்?"

"பரீட்சை எழுதிப்போட்டாள். ரிசல்ற் வர இருக்கு." பிறகு, "சரியான வெய்யில்," என்றார்.

"ஓம், அக்கா."

அவர் பையை இடது தோளில் மாட்டியிருந்தார். வலது கை சேலைத் தலைப்புக்குள் இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவும் பயமாக இருந்தது, பார்க்காமல் விடவும் பயமாக இருந்தது. பஸ் வந்தது. சனம். அவர் இடது கையால் கம்பியைப் பிடித்து ஒரு காலை மிதிபலகையில் வைத்தார். மற்றக் கையால் பிடிக்க முடியாமல் ஒரு கணம் பின்னால் சரிந்தார். நான் கையை நீட்டினேன். அதற்குள் உள்ளே நின்ற ஒரு பெண் அவருடைய தோளைப் பிடித்து ஏற்றிவிட்டாள்.

எனக்கும் அதே பஸ்தான். ஏறவில்லை. அடுத்தது வருமட்டும் வெயிலில் நின்றேன்.